கண்ணில் மின்மினி பறக்கிற வீடு

அன்பு மகள் சிட்டுக்கு அம்மா எழுதுறது. இங்க நானும் அப்பாவும் அத்தையும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டு, ஒருத்தர் மேல ஒருத்தர் எரிஞ்சு விழுந்துக்கிட்டு இருக்கோம், அந்த அளவுக்கு நலம். அங்க நீயும் மாப்பிள்ளையும் நலமான்னு கேட்டுட்டு அடுத்த வரிக்குப் போறதுதான் முறை, ஆனா நான் போகப் போறதில்லை, ஏன்னா நீ நலம்னு சொல்றதை நான் நம்பலை. போன வாரம் வீடியோவில பேசினப்போ உன் பின்னாடி ஜன்னல் முழுக்கக் கறுப்புத் திரை. பட்டப்பகல்ல என்னடி இப்படி இருட்டுன்னு கேட்டதுக்கு, வெயில் கண்ணைக் குத்துதும்மான்னு சொன்னே. சொல்லி வாயை மூடலை, பின்னாடி மாப்பிள்ளை நனைஞ்ச குடையை உதறிக்கிட்டே உள்ளே வர்றார். அது என்ன ஊருடி, வெயிலுக்குக் குடை நனையுது? அப்புறம் டீ கப்பை இடது கையில பிடிச்சிருந்தே. நீ பொறந்ததிலேர்ந்து இடது கையால ஒரு துரும்பை எடுத்து நான் பார்த்ததில்லை. உங்கம்மா பூட்டுக் கடைக் கல்லாவுல உட்கார்ந்து தேஞ்சவ. டூப்ளிகேட் சாவி கேட்டு வர்றவன் முகத்தைப் பார்த்தே இது அவன் வீட்டுச் சாவியா, அடுத்தவன் வீட்டுச் சாவியான்னு சொல்லிடுவேன். என்கிட்டயா உன் வேலை?

மறுநாள் உனக்குப் போன் போட்டேன், எடுக்கலை. மாப்பிள்ளைக்குப் போட்டேன். அவர் குரலைத் தாழ்த்திக்கிட்டு, கண்ணுல மின்மினி பறக்குதுன்னு சொன்னா, அதான் ரூமைச் சாத்திட்டுப் படுத்திருக்கா, நீங்க கவலையே படாதீங்க, கல்யாணத்தன்னைக்கு மாமா சொல்லிக் குடுத்த மாதிரியே நான் கதவுப் பக்கம் கூடப் போகலை, காலிங் பெல்லைக் கூட ஆஃப் பண்ணிட்டேன்னு பெருமையா சொல்றார். தங்கமான பிள்ளை. அந்தத் தங்கமான பிள்ளை சொல்லி முடிக்கக் கூட நான் விடலை. போய்க் கதவைத் தட்டுங்கன்னு கத்தினேன். ஏதோ நான் அவரைத் திருடப் போகச் சொன்ன மாதிரி தயங்கித் தயங்கிப் போய்த் தட்டினார். உள்ளேயிருந்து நீ என்னங்கன்னு எரிஞ்சு விழுந்தது எனக்குக் கேட்டுது, அப்பத்தான் மூச்சு வந்தது. நீ போனை வாங்கி, பழைய தலைவலிதானேம்மா, இதைப் போய்ப் பெரிசு பண்றியேன்னு சொல்லி வைச்சுட்டே. அதனாலதான் கடிதம். போன்ல பேசினா நீ பேச்சை மாத்துவே, இல்லைன்னா சிக்னல் இல்லைம்பே. காகிதம் அப்படியில்லை, நீ மடிச்சு வைச்சாலும் சொல்ல வந்ததைச் சொல்லிக்கிட்டேதான் இருக்கும். இதைப் படிச்சு முடிச்சதும் நீ ஒரு நல்ல மூளை நரம்பு டாக்டரைப் போய்ப் பார்க்கணும். எனக்கு வேண்டியது அது ஒண்ணுதான். ஏன்னு சொல்றேன், உட்கார்ந்து படி, நின்னுக்கிட்டே மேயாதே.

அப்பா கடையில விழுந்தது உனக்குத் தெரியும், நீயே லீவு போட்டு வந்து பார்த்துட்டுப் போனே. ஆனா அத்தைக்கு ஏதோ லேசான மயக்கம், இப்போ பரவாயில்லைன்னு அப்பா உன்கிட்ட சொன்னாரே, அது முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்ச கதை. அத்தைக்கும் அதே பக்கவாதம்தான். அண்ணனுக்கு வந்து வருஷம் திரும்பறதுக்குள்ள தங்கச்சிக்கும் வந்துடுச்சு. அண்ணன் எழுந்து நடக்கிறார், கடைக்குப் போறார், பழைய மாதிரி என்னைக் குறை சொல்றார். தங்கச்சியால வலது கையில ஒரு ஸ்பூனைப் பிடிக்க முடியலை, பேச்சும் வரலை. வாயில வர்ற ஒரே வார்த்தை, இரு. டீ வேணுமான்னு கேட்டா இரு, வேண்டாமான்னு கேட்டாலும் இரு. சாவி வெட்டுற மெஷின்ல உட்கார்ந்து காலம் பூரா கஸ்டமரைப் பார்த்துச் சொன்ன வார்த்தை, மூளை அதை மட்டும் விடாம பிடிச்சு வைச்சுக்கிச்சு போல. முதல்ல எனக்குச் சிரிப்பு வந்தது, அவளும் சேர்ந்து சிரிச்சா. இப்போ ரெண்டு பேருமே சிரிக்கிறதில்லை. நீ போன் பண்ணும்போதெல்லாம் அத்தை தூங்கறா, அத்தை குளிக்கிறான்னு சொன்னோமே, ஒரு மனுஷி இத்தனை தடவையா குளிப்பான்னு உனக்குச் சந்தேகமே வரலையா? உன்னைப் பெத்தது நான்தானான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு.

வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் ஒரே பாட்டு. அவர் ஆம்பளை, மனத்தெம்பு ஜாஸ்தி, எழுந்துட்டார், இவ மனசு விட்டுட்டான்னு. அப்பாவே அதை நம்பறார். தினமும் காலையில தங்கச்சி முன்னாடி நாற்காலியைப் போட்டுக்கிட்டு, நான் எப்படி எழுந்தேன் பாரு, மனசு வைக்கணும், இப்படிச் சாஞ்சே கிடந்தா ஆகுமான்னு உபதேசம். மனசாம், பெரிய மனசு. எனக்கு இந்த மனசுக் கதை மேல ஆரம்பத்திலேர்ந்தே நம்பிக்கை கிடையாது. அவர் எப்படி எழுந்தார்னு கூட இருந்த எனக்குத் தெரியாதா? அவர் விழுந்தது நடுக்கடையில, நாலு பேர் பார்க்க. வாய் கோணினதைப் பார்த்துட்டு அதுல ஒருத்தர், பஸ் டிரைவர், பெட்டிச் சாவி போட வந்தவர், இது அதுதான்னு சொல்லி அப்படியே தூக்கி வண்டியில போட்டுக்கிட்டுப் போனார். போன உடனே ஸ்கேன், அடுத்ததா ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி. தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு. வீட்டுக்கு வந்த பிறகு ராஜ உபசாரம். பிசியோ பொண்ணு சொல்லிக் குடுத்த பயிற்சியை ஒரு வேளை விடாம செய்ய வைச்சது யாரு? இதே அத்தைதான். அவர் விரலை ஒண்ணொண்ணா மடக்கி நீட்டி, கடையிலேர்ந்து பழைய பூட்டா கொண்டாந்து மடியில போட்டுத் திற திறன்னு கெஞ்சி, அவர் கோபத்துல பூட்டைத் தூக்கி எறிஞ்சா பொறுக்கிக் கொண்டாந்து மறுபடியும் கையில குடுத்தவ அவ. அவளுக்கு வந்தப்போ அப்படிச் செய்ய யார் இருக்கா? புருஷன் போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம் ஆச்சு, பிள்ளைகுட்டி கிடையாது. நான் ஒருத்தி அடுப்பையும் பார்த்து கல்லாவையும் பார்த்து மிச்ச நேரத்துல அவ விரலைப் பிடிக்கிறேன். பிசியோ பொண்ணுகிட்ட இதைச் சொல்லிப் புலம்பினேன். இதுக்கு மனத்தெம்புன்னு பேர் வைக்கிறது தப்பு, எவ்வளவு சீக்கிரம் ஊசி போட்டாங்க, அப்புறம் யார் கூட இருந்து பயிற்சி குடுக்கறாங்க, அதுலயே பாதி இருக்கு, நான் போற வீடுகள்ல ஆம்பளைக்கு வந்தா மனைவி பார்த்துக்கறாங்க, பொம்பளைக்கு வந்தா எப்போ சமைக்க ஆரம்பிப்பாங்கன்னு என்னைக் கேட்கறாங்கன்னு அவ சொன்னா. நான் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன், அவர் சீலிங்கைப் பார்த்தார்.

ஆனா அதை விடப் பெரிய விஷயம் ஒண்ணு இருக்கு, உனக்கு எழுத வந்ததே அதுக்காகத்தான். உங்க குடும்பத்து வழக்கம் இருக்கே, அது. நான் வாழ வந்தவ, நீ அந்த ரத்தம், அதனால உங்க குடும்பம்னுதான் சொல்லுவேன். உங்க வீட்டுப் பொம்பளைங்களுக்குக் கண்ணுல மின்மினி பறக்கும், வெளிச்சம் கோணல் கோணலா கோடு போட்டுக்கிட்டு ஓடும், அப்புறம் ஒத்தைத் தலைவலி மண்டையைப் பிளக்கும். உடனே வீட்டுக் கோடியில இருக்கிற இருட்டு ரூமுக்குப் போய்த் தாழ்ப்பாள் போட்டுப் படுத்துடுவீங்க. தானா எழுந்து வர்ற வரைக்கும் யாரும் கதவைத் தட்டக் கூடாது, கூப்பிடக் கூடாது, ஒரு பாத்திரம் உருளக் கூடாது. கல்யாணமான புதுசுல நான் தெரியாம காபி வேணுமான்னு போய்த் தட்டிட்டேன், உங்கப்பா பார்த்த பார்வை இருக்கே, வீட்டைக் கொளுத்தினவளைக் கூட யாரும் அப்படிப் பார்க்க மாட்டாங்க. அப்பவே நினைச்சேன், பூட்டு விக்கிற குடும்பம், உடம்புக்கு முடியலைன்னாக்கூட உள்ளே போய்ப் பூட்டிக்குதுன்னு. நீயும் பள்ளிக்கூடத்துல படிக்கிறப்பவே அந்த ரூமுக்குப் போக ஆரம்பிச்சுட்டே. அத்தை ஏதோ உனக்குப் பட்டம் கட்டின மாதிரி ஒரு தலையணையைக் கொண்டாந்து அங்க போட்டு வைச்சா. கல்யாணத்தன்னைக்கு அப்பா மாப்பிள்ளையைத் தனியா கூட்டிட்டுப் போய், எங்க வீட்டுப் பொண்ணுக்கு மின்மினி வந்தா கதவைச் சாத்திட்டுத் தள்ளி நில்லுங்கன்னு சொன்னதும், எவ்வளவு அக்கறைன்னு எல்லாரும் மெச்சினதும் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

அத்தைக்கு வந்த அன்னைக்குக் காலையில அவ மெஷின்ல உட்கார்ந்து யாருக்கோ அலமாரிச் சாவி வெட்டிக்கிட்டு இருந்தா. மின்மினி வருது அண்ணின்னு சொல்லிட்டுக் கண்ணாடியைக் கழட்டி வைச்சா. போறப்போ சுவரைப் பிடிச்சுக்கிட்டே போனா, பேச்சும் கொஞ்சம் குழறின மாதிரி எனக்குப் பட்டுச்சு. மதியம் போய்க் கதவுல காதை வைச்சேன். அப்பா வந்து என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிட்டார், தூங்கட்டும் விடு, உனக்கு உன் நிழல் மேலயே சந்தேகம்னு. சாயங்காலமும் வெளியே வரலை. விளக்கு போடுற நேரத்துக்கு என்னால பொறுக்க முடியலை, யார் என்ன சொன்னா என்னன்னு படபடன்னு தட்டினேன். சத்தமே இல்லை. ஊர்ப் பூட்டையெல்லாம் கம்பியை விட்டுத் திறக்கிற மனுஷன், உள்தாழ்ப்பாளுக்குச் சாவித் துவாரம் ஏது, கடைசியில தோளால மோதிக் கதவை உடைச்சார். அத்தை கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவுல கிடந்தா. வாந்தி எடுத்திருந்தா. கண்ணு திறந்து எங்களையே பார்த்துக்கிட்டு இருந்தது. அவ விழுந்து எங்களைக் கூப்பிடப் பார்த்துக் கூப்பிட முடியாம கிடந்திருக்கா, வெளியே நாங்க அவ தூக்கம் கெடக் கூடாதுன்னு பூனை மாதிரி நடந்துக்கிட்டு இருந்தோம்.

அதோட விட்டுதா விதி. பக்கத்துல இருந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடினோம். அங்க இருந்த டாக்டர், சின்ன வயசு, டார்ச் அடிச்சுப் பார்த்தார், வாய் கோணலையேன்னார், அவ அழுதுக்கிட்டே இருந்ததைப் பார்த்துட்டு, வீட்ல ஏதாவது பிரச்னையா, மனசுல எதையாவது வைச்சுக்கிட்டுப் பேச மாட்டேங்கறாங்களான்னு என்னைப் பார்த்துக் கேட்டார். நாத்தனார் அண்ணி சண்டைன்னு முடிவே கட்டிட்டார். ஒரு டிரிப்பைப் போட்டு, ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்னு அனுப்பிட்டார். அப்பா விழுந்தப்போ ஒருத்தராவது வீட்ல சண்டையான்னு கேட்டாங்களா? அவர்கிட்ட கேட்டிருந்தாலாவது நியாயம் இருக்கு, இந்த வீட்ல சண்டை போடுறதே அவர்தான். மறுநாள் காலையில வலது கை துணி மாதிரித் தொங்கினதும்தான் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம், ஸ்கேன் எடுத்தாங்க. கரைக்கிற ஊசிக்கு நேரம் தாண்டிப் போச்சுன்னாங்க. அண்ணனுக்கும் தங்கச்சிக்கும் இடையில இருந்த வித்தியாசம் ஒரு மூடின கதவும், வீட்ல பிரச்னையாங்கிற ஒரு கேள்வியும்தான். இதுல யார் மனசு எங்க வந்தது?

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில ஒரு லேடி டாக்டர். அவங்களையும் நான் முதல்ல நம்பலை, ஏன்னா அவங்க வியாதியை விட்டுட்டு வம்சத்தைப் பத்தி விசாரிச்சாங்க. உங்க அம்மாவுக்கு என்ன ஆச்சுன்னு அப்பாவைக் கேட்டாங்க. தூங்கினபடியே போயிட்டாங்க, கொடுத்து வைச்ச சாவுன்னார், வீட்ல எப்பவும் சொல்றதுதானே. எந்த ரூம்லன்னு டாக்டர் கேட்கலை, நான்தான் சொன்னேன், அதே இருட்டு ரூம்லன்னு. அப்போ உன் பாட்டிக்கு ஐம்பது வயசு கூட இருக்காது. டாக்டர் பேனாவைக் கீழே வைச்சாங்க. அண்ணன் தங்கச்சி ரெண்டு பேர் ஸ்கேனையும் பக்கத்துல பக்கத்துல மாட்டிப் பார்த்தாங்க. அப்புறம் அப்பாகிட்ட, உங்களுக்கு அந்த மின்மினி வருமான்னு கேட்டாங்க. சே சே, அது பொம்பளைங்க சமாச்சாரம்னார். நான் அவரையே பார்த்தேன். அரத்தால சாவி ராவும்போது அப்பப்போ கண்ணைக் கசக்கிக்கிட்டு இரும்புத் தூள் விழுந்துடுச்சுன்னு எழுந்து போவாரே, ஞாபகம் இருக்கா, சாவியே ராவாத அன்னைக்கும் அவர் கண்ணுல தூள் விழும். சொல்லுங்க, டாக்டர்கிட்டயும் வக்கீல்கிட்டயும் மறைக்கக் கூடாதுன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு, வாலிபத்திலேர்ந்தே வருதுன்னார். இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவ நான். ஆம்பளை இருட்டு ரூமுக்குப் போனா யாராவது சிரிப்பாங்கன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்திருக்கார் மனுஷன். எனக்குக் கோபம் வந்தது, பாவமாவும் இருந்தது.

அப்புறம் ரத்தம் கேட்டாங்க. எதுக்கு ரத்தம், எங்க போகும், யார் பார்ப்பாங்க, இதை வைச்சு வேற ஆராய்ச்சி கீராய்ச்சி பண்ணுவீங்களான்னு நான் குடைஞ்ச குடைச்சல்ல அந்தம்மா சிரிச்சுட்டாங்க, ஆனா ஒண்ணொண்ணுக்கும் பதில் சொன்னாங்க, அதனால கொஞ்சம் நம்பினேன். முடிவு வந்தது. மூளைக்குள்ள மயிர் மாதிரி மெல்லிசா ஓடுற ரத்தக் குழாய்களோட சுவர் கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப் போற ஒரு கோளாறு, அப்பாவுக்கும் இருக்கு, அத்தைக்கும் இருக்கு. பெத்தவங்க கிட்டேர்ந்து பிள்ளைகளுக்கு இறங்குமாம், ஆண் பெண்ணுன்னு பார்க்காதாம். அந்த மாதிரி மின்மினித் தலைவலி அதோட முதல் அடையாளமா இருக்கலாமாம். உடனே நீ பயந்துக்காதே, மின்மினி பார்க்கிற எல்லாருக்கும் இது கிடையாது, லட்சம் பேர் வெறும் தலைவலியோடயே காலத்தை ஓட்டறாங்கன்னு அவங்களே சொன்னாங்க. ஆனா நம்ம வீட்ல இது உறுதியானதால, பிள்ளைங்களுக்கு இருக்கறதுக்கும் இல்லாம இருக்கறதுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்புன்னாங்க. எனக்குப் பிள்ளைங்கன்னு யாரு, நீ ஒருத்திதானே. நாணயத்தைச் சுண்டிப் போட்ட மாதிரின்னு அவங்க சொன்னப்போ என் காதுல வேற எதுவும் விழலை.

உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு அப்பா தடை போட்டுட்டார். ஏன்னா மாப்பிள்ளை வீட்ல என்ன நினைப்பாங்க, தூரதேசத்துல தனியா இருக்கிறவளை ஏன் கலங்க வைக்கணும், அவளுக்கு ஒண்ணும் இருக்காதுன்னு. ஒண்ணும் இருக்காதுன்னா சொல்றதுக்கு என்ன பயம்? எனக்கு அதுலயே தெரிஞ்சுபோச்சு, அவர் உள்ளூர நடுங்கறார்னு. நானும் வாயை மூடிக்கிட்டுத்தான் இருந்தேன், நீ கறுப்புத் திரையைக் காட்டற வரைக்கும். அன்னைக்கு மாப்பிள்ளைகிட்ட பேசினது ஸ்பீக்கர்ல போட்டுத்தான். அத்தை நாற்காலியில இருந்து கேட்டுக்கிட்டு இருந்திருக்கா. மின்மினி, சாத்திட்டுப் படுத்திருக்கா, தட்ட மாட்டேன்னு அவர் சொன்னதெல்லாம் அவ காதுல விழுந்திருக்கு. நான் போனை வைச்சுட்டுத் திரும்பறேன், அவ நாற்காலியைப் பிடிச்சு எழுந்து நிக்கறா. இரு இருன்னு சொல்றா, கண்ணுல தண்ணி கொட்டுது. என்ன வேணும், பாத்ரூமான்னா இல்லைன்னு தலையை ஆட்டறா. காலை இழுத்து இழுத்துக் கடைப்பக்கம் போனா, மேஜை டிராயரை இடது கையால இழுத்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தா, இருட்டு ரூமுக்கு வந்தா.

கதவை உடைச்சாரே அப்பா, மறு வாரமே மரத்தைச் சரி பண்ணி அதே தாழ்ப்பாளை அதே இடத்துல மாட்டி வைச்சிருந்தார். வழக்கம் விடாது பாரு. அத்தை அந்தத் தாழ்ப்பாள்கிட்ட ஒரு ஸ்டூலைப் போடச் சொல்லிக் கையைக் காட்டினா. உட்கார்ந்தா. இடது கையால ஸ்க்ரூவைக் கழட்ட ஆரம்பிச்சா. பழக்கமில்லாத கை, முனை நழுவி நழுவிப் போகுது, தரையில விழுது, குனிஞ்சு எடுக்கறா. அப்பா சத்தம் கேட்டு ஓடி வந்தார், என்ன பண்றே, குடு நான் கழட்டறேன்னார். அவ ஸ்க்ரூடிரைவரை மார்போட அணைச்சுக்கிட்டு, இருன்னா. அவ்வளவு கோபமா அவ அந்த வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் அப்படியே நின்னுட்டார். வலது கையையும் தூக்கிக் கைப்பிடி மேல வைக்கப் பார்த்தா, அது வழுக்கி மடியில விழுந்தது, மறுபடி எடுத்து வைச்சா. வேர்வை நெத்தியிலேர்ந்து கழுத்து வரைக்கும் ஓடுது. மதியச் சாப்பாடு ஆறிப் போச்சு, கடைசி ஸ்க்ரூ வர்றதுக்குள்ள வெயிலே சாஞ்சுடுச்சு. தாழ்ப்பாளை எடுத்து அண்ணன் கையில வைச்சு, உன் போட்டோ மாட்டியிருக்கிற சுவரைக் காட்டினா. காட்டிட்டு, அவளால முடிஞ்ச அந்த ஒரே வார்த்தையைச் சொல்லிக்கிட்டே இருந்தா. அப்பா அந்த ஸ்டூல் பக்கத்துல தரையிலேயே உட்கார்ந்துட்டார். தங்கச்சி முன்னாடி நாற்காலி போட்டுத்தான் நான் அவரைப் பார்த்திருக்கேன், கீழே உட்கார்ந்து பார்த்ததில்லை. தப்பு பண்ணிட்டோம்மான்னு தேம்பி அழுதார். அப்புறம் என்கிட்ட வந்து, எழுதிடு, எல்லாத்தையும் எழுதிடு, நான் மின்மினி பார்க்கிறதையும் எழுதுன்னார். மறுநாளிலேர்ந்து காலையில உபதேசம் கிடையாது, அவ விரலைப் பிடிச்சு மடக்கி நீட்டறார். அவளும் இவர் மாதிரியே பூட்டைத் தூக்கி எறியறா, இவர் பொறுக்கறார். நல்லா எறின்னு நான் சொல்லிக் குடுத்திருக்கேன்.

இப்போ நீ செய்ய வேண்டியது. டாக்டர்கிட்ட போ, அப்பா, அத்தை, அப்பாவோட அம்மா மூணு பேர் கதையையும் மறைக்காம சொல்லு. கை ஏன் மாறிச்சுன்னும் சொல்லு, என்கிட்ட பழைய தலைவலிதான்னு சொல்லிட்டே, அவங்ககிட்ட அதையே சொல்லாதே. கஷ்டமா இருக்குன்னு ஆரம்பிச்சா டென்ஷனான்னு கேட்பாங்க, டென்ஷன் இல்லைங்க, எங்க வீட்டு ரத்தம்னு சொல்லு. அந்தக் கோளாறு இருக்கா இல்லையான்னு ரத்தம் குடுத்துப் பார்க்கிறதும் பார்க்காததும் உன் இஷ்டம். அதுக்கு முன்னாடி உட்கார்ந்து பேசறதுக்குன்னே ஆள் இருப்பாங்களாம், தெரிஞ்சுக்காம இருக்கவும் உனக்கு உரிமை உண்டுன்னு அந்த லேடி டாக்டர் சொன்னாங்க. அதுல நான் தலையிட மாட்டேன், ஆனா பிரஷரைப் பார்த்துக்கறது, தலைவலிக்குச் சரியான மருந்து எடுத்துக்கறது, இதையெல்லாம் தள்ளிப் போடக் கூடாது. இன்னொண்ணு, கேட்கக் கூசுது, கடிதம்கிறதால கேட்கறேன். குழந்தை இப்போ வேண்டாம்னு மாத்திரை எதாவது சாப்பிடறியா? மின்மினி பார்க்கிற பொம்பளைங்க சில மாத்திரைகளை டாக்டரைக் கேட்காம போடக் கூடாதாம். எனக்குப் பதில் சொல்ல வேண்டாம், அவங்களுக்குச் சொல்லு. இனிமே மின்மினி வந்தா இருட்டுல படு, வேண்டாம்னு சொல்லலை, அது தலைவலிக்கு ஆறுதல்தான், ஆனா கதவு திறந்திருக்கணும், அவர் அப்பப்போ வந்து உன்கிட்ட பேச்சுக் குடுக்கணும், ரெண்டு கையையும் தூக்கச் சொல்லணும், சிரிக்கச் சொல்லணும். பேச்சோ கையோ முகமோ கொஞ்சம் மாறினாலும், திடீர்னு தலை சுத்தித் தள்ளாடினாலும் ஒரு நிமிஷம் கூடக் காத்திருக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடணும்.

இதைப் படிச்சுட்டு நீ மடிச்சுப் புடவைக்கு அடியில வைச்சுடுவேன்னு எனக்குத் தெரியும். அதனால இதே கடிதத்தை இன்னொரு தடவை உட்கார்ந்து எழுதி, மாப்பிள்ளை ஆபீஸ் விலாசத்துக்கும் அனுப்பியிருக்கேன், கூரியர்ல, தபாலை நான் நம்பறதில்லை. உங்க மாமா சொல்லிக் குடுத்ததை மறந்துடுங்க, எரிஞ்சு விழுந்தாலும் பரவாயில்லை, கதவைத் தட்டுங்க, பதில் வரலைன்னா உடைங்கன்னு அவருக்குத் தனியா ஒரு வரி போட்டிருக்கேன். கோபப்படறதா இருந்தா என் மேல படு. டாக்டரைப் பார்த்துட்டேன்னு சும்மா சொன்னா செல்லாது, அந்த டாக்டரையே போன்ல காட்டணும். நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாம, பேசிக்கிட்டும் சண்டை போட்டுக்கிட்டும் நீடூழி வாழணும். பாதிக்குப் பாதின்னு அவங்க கணக்குச் சொல்லலாம் கண்ணு, ஆனா நான் பெத்தது பாதிப் பொண்ணை இல்லை. முழுசா ஒருத்தியைப் பெத்தேன், எனக்கு அவ முழுசா வேணும்.

இப்படிக்கு,
உன் பேச்சை நம்பாத, உன்னை விட்டா வேற யாரும் இல்லாத,
அம்மா